வண்டிக்குச் சுறா எண்ணெய் பூசிய வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாத்தான்குளத்தில் என் மாமனார் வீட்டு முற்றத்துக்கு வந்து பார்த்தால், என் மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஐந்து பூனைகள் உட்கார்ந்திருந்தன. இரண்டு வெள்ளை, இரண்டு சாம்பல், ஒன்று கறுப்பு. கறுப்பு மட்டும் பின்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களைப் போலப் பொறுமையாக இருந்தன.

மாமனார் பல் துலக்கியபடி வெளியே வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் நேராகக் கேட்கமாட்டார்.

"மாப்ள, நேத்து வரும்போது மீன் கீன் ஏதும் கொண்டாந்தியளோ?"

"இல்ல மாமா."

"இல்ல, இதுக இங்கன கூடியிருக்கே, அதான் கேட்டேன்."

"வண்டி துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் பூசியிருக்கேன் மாமா."

"என்ன எண்ணெய்?"

சொன்னேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பூனைகளை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார்.

"சரி, கோயிலுக்கு நேரமாச்சு" என்று உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கவலை பூனைகளைப் பற்றியல்ல. மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் என் மனைவி கனகமணிக்கு நேர்காணல். அந்த வேலை கிடைத்தால்தான் நாங்கள் இருவரும் ஒரு வீட்டில் வாழ முடியும். அவளை இந்த வண்டியில் நான் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

வண்டி எப்படிப்பட்டது

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தோணிகளில் ஏறும் மூட்டைகளை எண்ணிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் மூன்று இடங்களில் "என் மோட்டார் சைக்கிளில் போனேன்" என்று வருகிறது. என்ன வண்டி, எத்தனை காலம் வைத்திருந்தீர்கள் என்று நான்கு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியரோ எண்களைக் கொஞ்சம் குறையுங்கள் என்கிறார். நால்வருக்கும் ஒருவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டேன். நால்வர் பக்கமே போகிறேன்.

இருநூற்றைம்பது சி.சி. வண்டி. பெரிதும் அல்ல, சிறிதும் அல்ல. கருஞ்சிவப்பு நிறம். பெட்ரோல் தொட்டியின் இரு பக்கமும் கண்ணாடி போலக் குரோமியப் பூச்சு. ஒரே சிலிண்டர்தான், ஆனால் புகைக்குழாய் இரண்டு. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ இன்னொரு சிலிண்டர் எங்க?" என்று கேட்பார்கள்.

உதைத்துக் கிளப்பும் மிதிதான் அந்த வண்டிக்குக் கியரும். கிளம்பிய பிறகு அதை உள்ளே அமுக்கி முன்பக்கம் திருப்பிவிட்டால் கியர் மாற்றலாம். வண்டி வாங்கிய முதல் வாரத்தில் திருப்ப மறந்து, கியரைத் தேடி ஒரு பர்லாங் தூரம் காலால் காற்றைத் துழாவிக்கொண்டே போனேன்.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. தொட்டியின் மூடிக்குக் கீழேயே அளவுக் கிண்ணம் உண்டு. நான் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளந்து ஊற்றுவேன். "ஆஸ்பத்திரியில மிக்சர் ஊத்துற கம்பவுண்டர்கூட இப்படி அளக்கமாட்டான்" என்பாள் கனகமணி.

பதினொரு ஆண்டும் நான்கு மாதமும் அதை வைத்திருந்தேன். எத்தனை உதையில் கிளம்புகிறது என்று தினமும் குறித்து வைத்தேன். சராசரி மூன்றுக்குச் சற்றுக் குறைவு. மழைக்காலத்தில் ஐந்து.

இரண்டு ஊர், ஒரு சனிக்கிழமை

எனக்குத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் வேலை. கொழும்புக்குப் போகும் தோணிகளில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் குமாஸ்தா. கனகமணிக்குச் சாத்தான்குளத்தில் ஆசிரியை வேலை. கல்யாணமானதும் அவளுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் கிடைத்துவிடும் என்று இரு வீட்டாரும் நம்பினார்கள். மூன்று முறை விண்ணப்பம் போட்டாள். மூன்று முறையும் "தற்போது இடமில்லை" என்று பதில் வந்தது. அவள் அப்பா வீட்டில் அவள், தூத்துக்குடியில் ஒரு வாடகை வீட்டில் நான். இப்படியே மூன்று ஆண்டும் ஐந்து மாதமும் போயின.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வண்டியை உதைப்பேன். போகும்போது ஏரல் வழி. ஆற்றைக் கடக்க அங்கே தாழ்வான தாம்போதி ஒன்று உண்டு. தண்ணீர் அதிகம் வந்தால் அது மூழ்கிவிடும், அப்போது ஆத்தூர் வழி சுற்ற வேண்டும். திங்கட்கிழமை விடியும்போது கிளம்பித் திருச்செந்தூர், ஆத்தூர் வழியாகத் திரும்பி, எட்டு மணிக்குத் துறைமுகத்தில் இருப்பேன்.

அந்த மூன்று ஆண்டும் ஐந்து மாதமும் என் பின்சீட்டு காலியாகவே போய்வந்தது. சாத்தான்குளத்துக்குள் கடைக்கும் கோயிலுக்கும் கனகமணி ஏறியிருக்கிறாள். தூத்துக்குடிச் சாலையில் ஒரு தடவைகூட இல்லை.

ஊர்சுற்றவும் போனதுண்டு. ஒரு செப்டம்பரில், திருவிழாக் கூட்டத்தைப் பார்ப்போமே என்று மணப்பாட்டுக்குத் தனியாகப் போனேன். சிலுவைக் கோயில் இருக்கும் குன்றின் அடிவாரத்தில் மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. நான் முறுக்க முறுக்க இன்னும் கீழே போனது. பூசை முடிந்து வந்த ஆட்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் வண்டியைத் தள்ளவே விடவில்லை.

"தள்ளுனா தாழும். தூக்கணும். ஏலே, துடுப்பக் கொண்டாங்க."

துடுப்பு இரண்டு வந்தது. வண்டிக்கு அடியில் கொடுத்து எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தார்ச்சாலை வரை இருநூற்றுப் பத்து அடி தூரம். முன்னால் வண்டி தோளில் போக, பின்னால் நான் கைகட்டி நடந்தேன். எதிரில் வந்த ஒரு கிழவி புனிதரின் சுரூபம் ஏதோ வருகிறது என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள். கிட்டே வந்ததும் "சீ, சைக்கிளா!" என்றாள்.

துரு

அந்த வண்டிக்கு ஒரே எதிரி துரு. எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் உப்பைத்தான் கொண்டுவரும். புதுச் சைக்கிள் மணி இரண்டு மாதத்தில் ஊமையாகிவிடும். பூட்டுகளுக்கு வாராவாரம் தேங்காய் எண்ணெய் விட வேண்டும்.

வண்டியின் இரண்டு சக்கரத்திலும் சேர்த்து எழுபத்திரண்டு கம்பிகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை கம்பியில் செம்புள்ளி விழுந்திருக்கிறது என்று எண்ணுவேன். ராத்திரியில் வண்டி வெளியே நிற்கக் கூடாது என்று, இரண்டே அறைகள் உள்ள வாடகை வீட்டின் முன்னறையில் அதை ஏற்றி வைப்பேன். அப்படியும் அந்த வருஷம் மாசி மாதம் பத்தொன்பது கம்பிகளில் புள்ளி விழுந்தது. தொட்டியின் குரோமியத்திலும் ஒரு கொப்புளம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

துறைமுகத்தில் தண்டல் கஸ்பார் அண்ணாச்சியிடம் புலம்பினேன். தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவர் தோணி முப்பது வருஷமாகக் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அவர் பேச்சைத் துறைமுகத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

"ரைட்டர் தம்பி, என் தோணியில எத்தன ஆணி இருக்கும்னு நெனக்க?"

"தெரியல அண்ணாச்சி."

"எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணையாவது துரு தின்னிருக்கான்னு போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். ஒரு பலகையில் மட்டும் நூற்று நாற்பத்தாறு ஆணிகள் எண்ணினேன். ஒன்றிலும் துரு இல்லை. திரும்பி வந்து சொன்னேன்.

"நெசமாவே எண்ணிட்டு வாரியா?" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சுறா எண்ணெய் வாங்கு. மூணு பூச்சுப் பூசு. ஒவ்வொரு பூச்சுக்கு நடுவுலயும் நல்ல வெயில் காட்டணும். ஒரு எடம் விடாத. விட்ட எடத்துலதான் கடல் வாய வைக்கும்."

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுதியதை அவரிடம் படித்தும் காட்டினேன். "அவ்வளவுதான்" என்றார்.

அந்த வாரம் மூன்று நாள் லீவு போட்டேன். புதன், வியாழன், வெள்ளி, நாளுக்கு ஒரு பூச்சு. ஒரு இடம் விடாதே என்று சொல்லியிருந்தாரல்லவா? சட்டம், கம்பிகள், மட்கார்டின் உள்பக்கம், சீட்டின் அடிப்பக்கம், கால் வைக்கும் மிதிகள், பின்னால் சாமான் கட்டும் கம்பித் தட்டு, இஞ்சினின் செதில்கள், இரண்டு புகைக்குழாய்கள். கோழி இறகால் தொட்டுத் தொட்டுப் பூசினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஏரல் சந்தைக்குள் போகும்போது இஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. செதில்களில் இருந்த எண்ணெய் வறுபட்டுப் புகைந்தது. தெருவில் நின்ற இருவர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, வண்டிக்குள்ளயே பொரிக்கியளா?"

எண்களுக்கு இணங்கியவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பிறகு சீயக்காய். பிறகு மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. நான்கு நாளாக அதற்குள்ளேயே கிடந்தவனின் மூக்கு அது என்பது எனக்குத் தோன்றவில்லை.

"நான் பஸ்ல போயிருதேன்" என்றாள் கனகமணி.

"திருச்செந்தூர்ல மாறணும். மழைக்கு நான் பஸ்ல வந்தப்ப, மாறுற பஸ்சு கிடைக்காம நின்ன நாளு பதினேழு. வண்டி நின்னது மொத்தமே ரெண்டு தடவ."

"வாசம் அடிக்கே."

"இப்ப இல்ல. மோந்து பாரு."

அவள் மோந்து பார்க்கவில்லை. பத்து மணிக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. பதினேழுக்கும் இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்துக்கு இணங்கினாள். அவளும் கணக்கு ஆசிரியைதானே.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நீலக்கரை போட்ட வெள்ளைக் கைத்தறிச் சேலை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துப் பின்தட்டில் கட்டினேன். ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். திருச்செந்தூர் வரை நன்றாகத்தான் இருந்தது. அவள் எனக்குப் பின்னால் விகித வாய்பாட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அன்று ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

ஆறுமுகநேரி உப்பளங்கள் பக்கம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாய்பாடு நின்றுபோனது. சிறிது நேரம் கழித்து, "வண்டிய நிறுத்துங்க" என்றாள். ஆத்தூர்க் கடைத்தெருவில் நிறுத்தினேன்.

இறங்கி நின்றாள். சேலையின் கீழ்க்கரை ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பாகியிருந்தது. வெயிலில் இளகிய எண்ணெய் சேலையில் ஏறி, அதில் சாலைப் புழுதி ஒட்டி, களிம்பு போல ஆகியிருந்தது. பின்பக்கம் சீட்டு பட்ட இடத்தில் இரண்டு பட்டை. பையை அவிழ்த்து மாற்றுச் சேலையை எடுத்தாள். அதன் மேலே தட்டுக்கம்பிகளின் ஏழு கோடுகள், கட்டம் போட்ட நோட்டு மாதிரி.

எதிரே வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"எம்மா, கருவாட்டு யாவாரமா? எங்கன கடை?"

"யாவாரம் இல்ல அண்ணாச்சி. டீச்சர் வேலைக்குப் போறேன்" என்றாள் கனகமணி.

அவர் சிரிக்கவில்லை. "வெத்தலையக் கசக்கித் தேய்ங்கம்மா, மீன் கவிச்சிக்கு அதான் கேக்கும்" என்று ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து நீட்டினார். கடைக்குப் பின்னால் போய்த் தேய்த்தாள். திரும்பி வந்தபோது பழுப்புக்கு மேல் பச்சை. வாடையும் போகவில்லை. சுறாவுக்கு வெற்றிலை போட்டுவிட்டது போல இருந்தது.

"கவிச்சிக்குக் கேக்கும்னுதான் சொன்னேன். கறைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் கடைக்காரர்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பது. திரும்பிப் போய் வேறு சேலை எடுத்துவர நேரமில்லை.

கனகமணி வண்டியில் ஏறும் முன்னால் சொன்னாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூணு வருஷமா நான் ஜெபத்துல கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு வீட்ல ரெண்டு பேரும் இருக்கணும். நீங்க கேட்டது வண்டிக்குத் துருப்பிடிக்கக் கூடாதுன்னு. யாரு கேட்டது நடக்குதுன்னு இன்னிக்குப் பாத்துருவோம்."

முக்காணியில் ஆற்றுப்பாலம் தாண்டும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: "மெதுவா."

பூவரசு மரத்தடியில்

பள்ளி கடற்கரைப் பக்கம் இருந்தது. ஒன்பது ஐம்பதுக்கு அவளை வாசலில் இறக்கினேன். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் எதிரே ஒரு பூவரசு மரத்தடியில் வண்டியோடு நின்றேன். பள்ளிக்குத் தெருப்பக்கம் பதினான்கு சன்னல். அதில் மூன்று மூடியிருந்தது. அதை ஆறு தடவை எண்ணினேன். காவலாளி வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இத யாரு பூசுனது?"

"நான்தான்."

"ம்" என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகும் அந்த "ம்" அங்கேயே நின்றது.

எனக்கு வேறு நினைப்புகள் ஓடின. உள்ளே அவளைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். "தகவல் அனுப்புகிறோம்" என்பார்கள். "தற்போது இடமில்லை" என்று நான்காவது கடிதம் வரும். அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கு எழுத அவளுக்கு மனம் வருமா? மாசி மாதத்தின் பத்தொன்பது புள்ளிகளுக்காக இதைச் செய்தேன். புள்ளிகள் போகட்டும், வண்டியே போகட்டும், விற்றுவிடுகிறேன், இந்த ஒன்று மட்டும் நடக்கட்டும் என்று மரத்தடியில் நின்றே ஜெபித்தேன். ஜெபத்தில் பேரம் பேசக் கூடாது என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் சொல்வார். அன்று பேசினேன்.

பதினொன்று பத்துக்குக் கனகமணி வெளியே வந்தாள். நேராக என்னிடம் வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"குங்கிலியம் போட்டியளா?"

"என்ன குங்கிலியம்?"

"அப்போ போடல" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ன ஆச்சு, சொல்லு" என்றேன்.

ஆறாம் வகுப்பு

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தலைமையாசிரியை அவளை உட்காரச் சொல்லாமல் நேரே ஆறாம் வகுப்புக்குக் கூட்டிப்போய், "விகிதம் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தொரு பிள்ளைகள். பாதிக்கு மேல் கடற்கரைப் பிள்ளைகள். கனகமணி கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்னால் சளசளவென்று பேச்சு.

"ஏளா, எங்கப்பா வாசம் அடிக்கி."

"சும்மா இரிளா. டீச்சர்தான்."

"டீச்சர், ஒங்க வூட்ல தோணி இருக்கா?"

கனகமணி திரும்பினாள். கடைசிப் பெஞ்சில் தலைமையாசிரியை தலையைத் தூக்கிப் பார்த்தார். மறைக்க என்ன இருக்கிறது, சேலையே எல்லாவற்றையும் சொல்கிறதே என்று உண்மையைச் சொன்னாள்.

"தோணி இல்ல. மோட்டார் சைக்கிள். துருப்பிடிக்கும்னு எங்க வீட்ல அதுக்குச் சுறா எண்ணெய் பூசிட்டாங்க. அது காயவே இல்ல. சேலையெல்லாம் ஒட்டிக்கிட்டு."

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றாள். அப்பா தோணி செப்பனிடுகிற ஆள்.

"குங்கிலியம் போட்டாங்களா டீச்சர்? குங்கிலியத்தப் பொடிச்சு எண்ணெயோட காய்ச்சணும். இல்லன்னா எத்தன வருசமானாலும் காயாது."

"எவ்வளவு போடணும்?"

"மூணு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு."

"பொய் டீச்சர்! எங்க வூட்ல நாலுக்கு ஒண்ணு."

"ஒங்க வூட்டுத் தோணி ஒழுவும், அதான் நாலு!"

கனகமணி இரண்டையும் கரும்பலகையில் எழுதினாள். மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று. பன்னிரண்டு படி எண்ணெய்க்கு இவள் வீட்டில் எத்தனை படி குங்கிலியம், அவள் வீட்டில் எத்தனை? எந்த வீட்டுப் பூச்சு கெட்டி? வாய்பாடு சொல்லாமலேயே நாற்பத்தொரு கையும் உயர்ந்துவிட்டது. சண்டையும் ஓயவில்லை. மணி அடித்தபோது தலைமையாசிரியைதான் வந்து, "வீட்டுல கேட்டுட்டு வந்து நாளைக்கு அடிச்சுக்கோங்க" என்று விலக்கிவிட்டாராம்.

அறைக்குப் போன பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடலுக்குத் தள்ளி உள்நாட்டுல இருந்து வாரவங்க ஒரு வருஷத்துல பாளையங்கோட்டைக்கு மாற்றல் கேட்டுப் போயிருதாங்க. இதுக்கு முன்னால வந்த மூணு பேரும் போயிட்டாங்க. நீங்க?"

"என் வீட்டுக்காரர் இந்த ஊர்லதான் மூட்டை எண்ணுதாங்க. நான் வேற எங்கயும் போகமாட்டேன்."

"எண்ணெய் பூசுனது அவருதானா?"

"ஆமா."

"அவரப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றாராம். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. நிர்வாகத்துக்கு எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

உப்புப் போடச் சொல்லணுமா?

மறுநாள் கஸ்பார் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"குங்கிலியம் போடணும்னு நீங்க சொல்லவே இல்லியே அண்ணாச்சி! எழுதிப் படிச்சும் காட்டினேனே!"

அவர் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "கொழம்பு வைக்கச் சொன்னா, உப்புப் போடுன்னு ஒரு ஆளு தனியாச் சொல்லணுமா? பச்சை எண்ணெயப் பூசுனியா? மாதாவே! மூணு பூச்சா?"

"ஒரு இடம் விடாதன்னிய. புகைக்குழாயிலயும் பூசினேன்."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுவதும் தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதம் என்னைக் கண்டால் கூலியாட்கள் மூக்கைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

முடிவில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, குங்கிலியம் போட்டுக் காய்ச்சி வந்து பூசிவிட்டார். மூன்றுக்கு ஒன்று. சட்டத்துக்கும் மட்கார்டின் அடிக்கும் மட்டும். இரண்டே வெயிலில் தேன்நிறத்தில் கண்ணாடி போல உறைந்தது. பிறகு எட்டு வருஷம் அந்தச் சட்டத்தில் ஒரு புள்ளி விழவில்லை. விற்கும்போது வாங்கியவர் சுரண்டிப் பார்த்து, என்ன பெயிண்ட் என்று கேட்டார்.

வண்டியை விற்றுவிடுகிறேன் என்று மரத்தடியில் பேசிய பேரத்தைப் பற்றி எங்கள் ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கர்த்தருக்கு உங்க வண்டி எதுக்கு?" என்றார். மனம் சமாதானமாயிற்று.

ஜூன் மாதம்

நேர்காணல் முடிந்த இருபத்திரண்டாம் நாள் சாத்தான்குளத்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. மாமனார் எனக்குத் தந்தி கொடுத்தார். அவர் எதையும் நேராகச் சொல்லாதவர் என்றேனே, தந்தியிலும் அப்படித்தான்: "முன்னறையைக் காலி செய்யவும்."

செய்தேன். பள்ளி திறக்கும் ஜூனில் கனகமணியின் இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு மேசை, ஒரு தையல் மெஷின், பதினெட்டுப் பாத்திரங்கள் வந்து இறங்கின. வண்டி வெளியே போயிற்று. அதற்குத் தார்ப்பாயில் ஒரு போர்வை தைத்தேன். முதல் இரண்டு ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாம் ராத்திரி தூங்கிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை வந்தது. எனக்குத் துறைமுகத்தில் அரைநாள். அவளுக்குப் பள்ளி விடுமுறை. சாப்பிட்டாயிற்று. அவள் மேசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன். சட்டையைப் போட்டேன், கழற்றினேன். திரும்பவும் வாசலுக்குப் போனேன்.

"என்ன, நிலைகொள்ளாம நடக்கிய?" என்றாள் தலை தூக்காமல்.

"ஒண்ணுமில்ல. மணி ரெண்டாகுது."

அவள் பேனாவை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தாள்களை அடுக்கி அதன் மேல் ஒரு சங்கை எடுத்து வைத்துவிட்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள்.

"சரி, வாங்க" என்றாள். "சாத்தான்குளம் போயி என்னப் பாத்துட்டு வருவோம்."